வெனிலா ஊறல்: ஒரே பெயரில் நான்கு பாட்டில்கள்

நான்கு கண்ணாடிப் பாட்டில்கள். நான்கின் லேபிளிலும் முதல் சொல் வெனிலா. முதலாவதில் மடகாஸ்கர் நெற்று, அதாவது வெனிலாக் கொடியின் பதப்படுத்திய காய். இரண்டாவதில் தஹீதி நெற்று. மூன்றாவதில் நெற்றே கிடையாது, வெனிலா வாசத்தின் முக்கியச் சேர்மமான 'வெனிலின்' மட்டும், தூளாக. நான்காவதில் மறுபடியும் மடகாஸ்கர் நெற்று, ஆனால் ஆல்கஹாலுக்குப் பதிலாக கிளிசரின். நான்கையும் கூடியவரை ஒரே வீரியத்தில் தயாரித்து, குளிர்ந்த பாலிலும் அடுப்பில் வெந்த கேக்கிலும் அடுத்தடுத்து வைத்துச் சுவைத்துப் பார்ப்பதுதான் திட்டம். இத்தனை மொழிகளில் கிட்டத்தட்ட ஒரே ஒலியோடு புழங்கும் இந்தச் சொல்லுக்குள் எத்தனை சரக்கு ஒளிந்திருக்கிறது என்பதைப் படித்துத் தெரிந்துகொள்வதைவிட நாக்கில் வைத்துத் தெரிந்துகொள்ளலாம் என்று தோன்றியது.

செய்வதற்கு என்ன பெயர் வைப்பது என்பதிலேயே ஒரு சங்கடம். நாம் பெரும்பாலும் வாங்குவது எசன்ஸ். நெற்றை ஆல்கஹாலில் ஊறப்போட்டு எடுப்பது எக்ஸ்ட்ராக்ட். தமிழில் ஊறல் என்றால் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ்ச் செய்தித்தாள் படித்து வளர்ந்த எவருக்கும் ஊறல் என்றதும் போலீஸார் கொட்டி அழித்த பானைகள்தான் நினைவுக்கு வரும். பாட்டிலுக்குள் இருப்பது 40 சதவீத ஆல்கஹால் என்பதால் அந்தச் சொல் அப்படியொன்றும் பொய் சொல்லவில்லை. ஊறல் என்றே வைத்துக்கொள்கிறேன்.

அளவு

ஊறப்போடுவதில் பெரிய வித்தை ஒன்றும் இல்லை. எல்லாம் விகிதத்தில்தான் இருக்கிறது. ஒரு முழு பாட்டில் வோட்காவில் இரண்டு மூன்று நெற்றைப் போட்டு மூடிவைக்கச் சொல்லும் செய்முறைகள் ஏராளம். அப்படிச் செய்தால் கிடைப்பது வெனிலா வாசம் பட்ட வோட்கா. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்ற பெயருக்கே தனி விதி வகுத்திருக்கிறது: ஆல்கஹால் குறைந்தது 35 சதவீதம் இருக்க வேண்டும், ஒரு கேலனுக்கு 13.35 அவுன்ஸ் நெற்று போட்டிருக்க வேண்டும், அதுவும் ஈரப்பதம் 25 சதவீதத்தைத் தாண்டாத நெற்றாக. கேலனையும் அவுன்ஸையும் மாற்றிப் பார்த்தால் கணக்கு அழகாக உட்காருகிறது. லிட்டருக்கு 100 கிராம்.

என் பாட்டில்கள் 250 மில்லி. ஆகவே பாட்டிலுக்கு 25 கிராம். நெற்றை எண்ணிப் போடக் கூடாது, நிறுத்துத்தான் போட வேண்டும். ஒன்று இரண்டரை கிராம் இருக்கும், பக்கத்தில் கிடப்பது நான்கு கிராம் இருக்கும். பளபளவென்று கறுத்து, விரலில் சுற்றினால் சுற்றிக்கொள்ளும் உயர்தர நெற்றில் ஈரம் 30 சதவீதத்துக்கும் மேல். அதைப் போடுவதானால் எடையைக் கொஞ்சம் கூட்ட வேண்டும். ஊறலுக்கு அவ்வளவு அழகான நெற்று தேவையும் இல்லை. சற்றே காய்ந்து சுருங்கிய இரண்டாம் தரம் போதும். ஈரத்துக்குக் காசு கொடுப்பானேன்?

வெனிலின் பாட்டிலை இவற்றுக்கு நிகராக்குவதில்தான் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருந்தது. நன்கு பதப்படுத்திய நெற்றின் எடையில் ஏறத்தாழ 2 சதவீதம் வெனிலின். 25 கிராம் நெற்றில் இருப்பது அரை கிராம். அரை கிராமைச் சமையலறைத் தராசு மதிக்காது. அதனால் 5 கிராம் வெனிலினை 250 மில்லி வோட்காவில் கரைத்து, அதிலிருந்து 25 மில்லி மட்டும் எடுத்து, அதை மறுபடியும் வோட்கா விட்டு 250 மில்லியாக்கினேன். இப்போது பாட்டிலில் சரியாக அரை கிராம். மீதித் தாய்க்கரைசல் தனியாக இருக்கிறது. அதன் வாசம் தலைவலியை வரவழைக்கும் அளவுக்குக் கடுமையானது.

ஆல்கஹால் கடுமையாக இருந்தால் சாறு நன்றாக இறங்கும் என்று நினைக்கத் தோன்றும். வெனிலின் ஆல்கஹாலில் தாராளமாகக் கரையும், நீரில் கொஞ்சமாகத்தான் கரையும் என்பது உண்மை. ஆனால் நெற்றில் இருக்கும் மற்ற பல பொருள்களுக்கு நீரும் வேண்டும். மிகக் கடுமையான ஆல்கஹால் நெற்றின் ஈரத்தை உறிஞ்சி அதை விறைக்க வைத்துவிடும். 35 முதல் 50 சதவீதத்துக்குள் இருந்தால் இரண்டு தரப்பும் வேலை செய்யும். வாசமில்லாத வோட்காவைத் தேர்ந்தெடுத்தேன். ரம்மிலும் விஸ்கியிலும் ஊறப்போடுவோர் உண்டு. ஓக் பீப்பாயில் முதிர்ந்த மதுவில் மரத்திலிருந்தே வெனிலின் இறங்கியிருக்கும் என்பதால் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலைக்கு அது ஆகாது.

கிளிசரின் பாட்டிலுக்கு, உணவுத் தர கிளிசரின் மூன்று பங்கு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு பங்கு. மது சேர்க்க விரும்பாதவர்களுக்கு இது ஒரு வழி.

நெற்றைக் கையில் எடுத்தால்

மடகாஸ்கர் நெற்றுகளை வெள்ளைத் துணியில் பரப்பியபோது ஒன்றில் மட்டும் காம்புக்குக் கொஞ்சம் கீழே சிறு புள்ளிகள் வரிசையாகத் தெரிந்தன. பூச்சி கடித்ததுபோல் இருந்தாலும் அவ்வளவு ஒழுங்காக எந்தப் பூச்சியும் கடிக்காது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் புள்ளிகள் சேர்ந்து ஓர் எழுத்தும் ஓர் எண்ணுமாக நிற்கின்றன. காய் பச்சையாகக் கொடியில் தொங்கும்போதே விவசாயி அடையாளம் குத்திவிடுகிறார். தக்கைத் துண்டில் ஊசிகளைப் பதித்து முத்திரைபோல அழுத்துவார்கள். அந்த வடு காய் முற்றிக் கறுத்து உலர்ந்த பிறகும் அழியாது. மடகாஸ்கரின் வடகிழக்கில் இருக்கும் சாவா பகுதி உலக வெனிலாவின் தலைநகரம். அங்கே காய்த் திருட்டு அவ்வளவு பெரிய தொல்லை. விவசாயி தன் பெயரைக் காயிலேயே எழுதி அனுப்ப வேண்டிய பயிர் வேறு எனக்குத் தெரிந்து இல்லை. அந்த நெற்றை மட்டும் நறுக்காமல், புள்ளிகள் வெளியே தெரியும்படி கண்ணாடி ஓரமாக முழுசாகச் செருகினேன்.

இன்னொரு நெற்றின் மேல் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது. இதைக் கண்டதும் பூசணம் என்று தூக்கி எறிந்துவிடக் கூடாது. வெனிலின் மிகுந்த நெற்றை மூடி வைத்தால் அது மேற்பரப்புக்கு வந்து ஊசி ஊசியாகப் படிகமாகும். பிரெஞ்சுக்காரர்கள் இதை உறைபனி என்று பொருள்படும் சொல்லால் அழைத்து, அதற்காகவே அந்த நெற்றைக் கொண்டாடுகிறார்கள். வித்தியாசம் கண்டுபிடிப்பது எளிது. வெளிச்சத்தில் திருப்பினால் படிகம் மினுங்கும், பூசணம் மங்கலாகப் பஞ்சுபோல் இருக்கும். ஒரு சொட்டு வோட்கா வைத்தால் படிகம் கரைந்து மறையும், பூசணம் நனைந்து அங்கேயே கிடக்கும். மோந்து பார்த்தால் சந்தேகம் முழுதாகத் தீரும்.

நெற்றைக் கத்தியின் முதுகால் அழுத்தித் தட்டையாக்கி, நீளவாக்கில் கீறித் திறந்தால் உள்ளே எண்ணெய்ப் பசையோடு கறுப்பு விதைகள். ஆயிரக்கணக்கில் இருக்கும். வாசம் விதைக்குள் இருக்கிறது என்று பலரும் நினைக்கிறோம். விதையைச் சூழ்ந்த பசையிலும் நெற்றின் சதைச் சுவரிலும்தான் அது இருக்கிறது. இதைச் சொல்லக் காரணம் உண்டு. தொழிற்சாலைகளில் சாறு இறக்கிய பிறகு மிஞ்சும் வாசமற்ற விதைகளையும் தனியாக விற்கிறார்கள். ஐஸ்கிரீமில் தெரியும் கறுப்புப் புள்ளி அழகுக்குத் தூவியதாகவும் இருக்கலாம். புள்ளியை நம்பிச் சத்தியம் செய்யாதீர்கள்.

மற்ற நெற்றுகளைக் கத்தரியால் இரண்டு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கிப் போட்டு, முழுவதும் மூழ்கும்வரை வோட்கா ஊற்றி மூடினேன். ஒரு துண்டுகூட வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. வெயில் படாத அலமாரி போதும், குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். வாரம் ஒருமுறை ஒரு குலுக்கு. பிறகு சும்மா இருக்க வேண்டியதுதான்.

சும்மா இருந்தபோது லேபிள் எழுதியது

பெயரின் பாதையைப் பின்தொடர்ந்து லேபிள்களில் எழுதத் தொடங்கினேன். இந்தக் கொடி மெக்சிகோவையும் மத்திய அமெரிக்காவையும் சேர்ந்த ஆர்க்கிட். வெராகுரூஸ் பகுதியில் பாபன்ட்லாவைச் சுற்றி வாழும் டோடோனாக் மக்கள் இதை நெடுங்காலமாக அறிந்தவர்கள். அவர்கள் மொழியில் 'ஷானத்'. அவர்களை அடக்கி ஆண்ட ஆஸ்டெக்குகளின் நவாட்ல் மொழியில் 'ட்லில்ஷோசிட்ல்', கறுப்புப் பூ என்று பொருள். 1552-இல் மெக்சிகோவில் எழுதப்பட்ட மூலிகை ஏடு ஒன்றில் இந்தப் பெயரும் கொடியின் படமும் இருக்கின்றன. பூ உண்மையில் கறுப்பில்லை, வெளிறிய பச்சை கலந்த மஞ்சள். கறுப்பது பதப்படுத்திய காய்தான்.

ஸ்பானியர்கள் நிறத்தையும் பூவையும் விட்டுவிட்டு வடிவத்தைப் பிடித்துக்கொண்டார்கள். வாளின் உறைக்கும் பயற்று நெற்றுக்கும் அவர்கள் மொழியில் ஒரே சொல், 'பைனா'. அதைச் சின்னதாக்கி, செல்லமாக்கி 'பைனிய்யா' என்றார்கள். சிற்றுறை என்று தமிழாக்கலாம், யாரும் வாங்க மாட்டார்கள். அதே வேர்ச்சொல்லை இன்னொரு விதமாகச் சின்னதாக்கினால் 'பைனிதா'. பெரு நாட்டில் அப்படிக் கேட்டால் பச்சை பீன்ஸ் கிடைக்கும்.

ஸ்பானிய எழுத்தில் இரட்டை 'எல்' இருக்கிறது. அவர்கள் வாயில் அது 'ய'வாக ஒலிக்கிறது. பிரெஞ்சுக்காரர்களும் 'வனீய்' என்று யகரத்தோடு சொல்கிறார்கள். ஆங்கிலேயர் எழுத்தைப் பார்த்து லகரமாக்கினார்கள். 1754-இல் பிலிப் மில்லர் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் தாவரப் பேரினத்துக்கே அந்தப் பெயரைச் சூட்டிய பிறகு லகரம் நிலைத்துவிட்டது. வகரம் இல்லாத மொழிகள் கையில் இருந்ததைக் கொண்டு சமாளித்தன. ஜப்பானியரிடம் 'பனிரா', கொரியரிடம் 'பனில்லா', அரபியில் 'ஃபானிலியா'. மடகாஸ்கரின் மலகாசி மொழியில் 'லவனிலா'. பிரெஞ்சு மொழி பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் 'லா'வும் சேர்ந்தே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. உலகத்துக்கே வெனிலா அனுப்பும் நாடு, பெயரை மட்டும் இறக்குமதி செய்திருக்கிறது.

சீனர்கள் ஒலியின் பின்னால் ஓடவில்லை. 'ஷியாங்சாவ்', வாசனைப் புல் என்று சொல்லிவிட்டார்கள். சிக்கல் என்னவென்றால் மேல்நாட்டுச் சமையலின் மூலிகைத் தழைகளுக்கும் அதே சொல்தான். உணவுப் பட்டியலில் அதைப் பார்க்கிறவர், வரப்போவது இனிப்பா தழையா என்பதைச் சூழலை வைத்துத்தான் ஊகிக்க வேண்டும். தாவரவியலில் குழப்பம் வராமல் வாசனை நெற்று ஆர்க்கிட் என்று நீளமாக வைத்துக்கொண்டார்கள். ஹாங்காங்கில் பேசும் கான்டனீஸில் ஒலியைப் பிடித்து 'வன்நேய்னா'.

தமிழ் லேபிள் எழுதும்போதுதான் பேனா நின்றது. வெனிலா, வனிலா, வென்னிலா எல்லாம் அச்சில் இருக்கின்றன. ஐஸ்கிரீம் பட்டியல்களில் அடிக்கடி தென்படுவதோ வெண்ணிலா. மொழி தெரிந்தவர்கள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கு அது பிழையாகவே படவில்லை, ஒரு நல்ல காது செய்த வேலையாகப் படுகிறது. வெள்ளையாக, குளிர்ச்சியாக, உருண்டையாகக் கிண்ணத்தில் வந்து உட்காரும் ஒன்றின் பெயர் வெண்ணிலாவைத் தவிர வேறு என்னவாக இருக்க முடியும்? நவாட்ல் மொழிக்காரர் கறுப்பு என்று பெயர் வைத்ததை நாம் வெள்ளையாக்கிவிட்டோம் என்பது மட்டும்தான் வேடிக்கை. கறுத்த நெற்று மூழ்கிக் கிடக்கும் பாட்டிலில் வெண்ணிலா என்று எழுத மனம் வரவில்லை. வெனிலா என்று எழுதினேன்.

வெண்மையோடு சேர்ந்துகொண்ட இன்னொரு கேடு, வெனிலா என்றால் ஒன்றுமில்லாதது என்ற எண்ணம். ஆங்கிலத்தில் அந்தச் சொல்லுக்கே சாதாரணம், கூடுதல் ஏதுமற்றது என்று அகராதிப் பொருள் ஏறிவிட்டது. கணினிக்காரர்கள் மாற்றம் எதுவும் செய்யாத மென்பொருளை வெனிலா என்கிறார்கள். நிதிச்சந்தையில் எளிய ஒப்பந்தங்களுக்கும் அதே பெயர். ஐஸ்கிரீம் என்றாலே வெனிலா என்றாகிப்போனதால் வந்த வினை. ஒன்றும் சேர்க்காத பாலையும் வெனிலா சேர்த்த பாலையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்த்தவர் இந்த வழக்கை ஒப்புக்கொள்ள மாட்டார்.

போர்பன் என்ற சொல்லும் ஒரு சிறுவனும்

மடகாஸ்கர் நெற்று வந்த உறையில் போர்பன் வெனிலா என்று இருந்தது. விஸ்கிக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. இந்தியப் பெருங்கடலில் இருக்கும் ரீயூனியன் தீவுக்கு முன்பு போர்பன் தீவு என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் கொடியை அங்கே கொண்டுபோய் நட்டார்கள். பூத்தது, காய்க்கவில்லை. பூவின் ஆண் பகுதிக்கும் பெண் பகுதிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுப்பாக நிற்கிறது. மகரந்தத்தைச் சேர்க்கும் பூச்சிகள் மெக்சிகோவிலேயே தங்கிவிட்டன. பூவோ காலையில் விரிந்து அன்றைக்கே வாடிவிடும். பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஷார்ல் மோரன் 1836-இல் கையால் மகரந்தம் சேர்த்துக் காய்க்க வைத்தார். ஆனால் தோட்டத்தில் வேலைக்கு ஆகும் எளிய முறையைக் கண்டுபிடித்தவர் ரீயூனியனில் அடிமையாக இருந்த எட்மோன் என்ற 12 வயதுச் சிறுவன். 1841-இல் ஒரு குச்சியால் அந்த மடலைத் தூக்கி, கட்டை விரலால் மகரந்தத்தை அழுத்திவிட்டான். இன்றைக்கும் உலகத் தோட்டங்களில் ஒவ்வொரு பூவுக்கும் நடப்பது இதுதான். 1848-இல் அடிமை முறை ஒழிந்தபோது அவருக்கு அல்பியுஸ் என்று ஒரு குடும்பப் பெயர் கொடுத்தார்கள். 1880-இல் வறுமையில் இறந்தார். தீவின் பெயர் உறையில் இருக்கிறது, அவர் பெயர் இல்லை.

காய் கொடியில் முற்ற எட்டு ஒன்பது மாதம். அப்போதும் பச்சைக் காயில் வாசம் இருக்காது. வெனிலின் அங்கே குளுக்கோஸோடு பிணைந்து கிடக்கிறது. 65 டிகிரிக்குக் கிட்டத்தட்ட உள்ள வெந்நீரில் சில நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றி வேர்க்கவைத்து, வெயிலில் காட்டி, நிழலில் உலர்த்தி, பெட்டியில் அடைத்துவைக்கும் சில மாதப் பாடுதான் நொதிகளைக் கொண்டு அந்தப் பிணைப்பை அவிழ்க்கிறது. ஐந்தாறு கிலோ பச்சைக் காய் ஒரு கிலோ நெற்றாகச் சுருங்குகிறது. இத்தனையையும் ஆய்வுக்கூடம் தாண்டிவிட்டது. 1858-இல் கோப்ளி என்ற பிரெஞ்சு மருந்தாளர் வெனிலினைத் தனியாகப் பிரித்தெடுத்தார். 1874-இல் ஜெர்மனியின் டீமன், ஹார்மன் இருவரும் ஊசியிலை மரத்துச் சாற்றிலுள்ள கோனிஃபெரினிலிருந்து அதைச் செய்துகாட்டினார்கள். பிறகு கிராம்பு எண்ணெய், காகித ஆலைக் கழிவு, இப்போது பெரும்பாலும் பெட்ரோலிய வழி வரும் குவாயகோல். என் மூன்றாவது பாட்டிலின் பரம்பரை இது.

சுவைத்தது

சில வாரங்களிலேயே மடகாஸ்கர் பாட்டில் சிவப்பேறிய பழுப்பாகிவிட்டது. சாய்த்து நிமிர்த்தினால் கண்ணாடிச் சுவரில் பிசின் படலம் மெதுவாக இறங்குகிறது. தஹீதி பாட்டில் நிறத்தில் ஒரு படி வெளிறல். வெனிலின் பாட்டில் தண்ணீர்போல் தெளிவு. விற்பனைக்கு வரும் செயற்கை எசன்ஸ் பழுப்பாக இருப்பது பெரும்பாலும் கேரமல் நிறமியால். எட்டு வாரத்துக்கு முன் திறந்தால் ஆல்கஹால் நெடிதான் முன்னால் வந்து நிற்கும். மாதக்கணக்கில் விட்டால் அது அடங்கும். விட்டேன்.

முதலில் குளிர்ந்த பால். கிண்ணங்களின் அடியில் மட்டும் எண் எழுதி, வரிசையைக் கலைத்து வைத்து, வீட்டில் இருந்தவர்கள் கையில் கொடுத்தேன். ஐந்தாவதாக எதுவும் சேர்க்காத பால் ஒரு கிண்ணம். வெனிலின் கிண்ணத்தை எல்லோரும் உடனே 'வெனிலா ஐஸ்கிரீம்' என்றார்கள். வாசலிலேயே எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு உள்ளே வந்து மௌனமாக உட்காரும் விருந்தாளி அது. முதல் மிடறில் பளீரென்று வந்தது, இரண்டாவது மிடறில் புதிதாக எதுவும் இல்லை. மடகாஸ்கர் கிண்ணத்தில் முதலில் இனிப்பு வாசம், பிறகு உலர்ந்த பழம், கடைசியில் லேசான புகை. நெற்றில் வெனிலினோடு ஹைட்ராக்ஸி பென்சால்டிஹைடு, வெனிலிக் அமிலம், குவாயகோல் என்று கூட்டமே இருப்பதால் வரும் அடுக்குகள் இவை. தஹீதி வேறு திசை. சோம்பின் சாயலும் பூ வாசமும் முன்னால், வெனிலின் பின்னால். அனிசைல் வகைச் சேர்மங்கள் அதில் அதிகம். தாவரமும் வேறு, இரண்டு இனங்களின் கலப்பால் வந்தது. அதைக் குடித்த ஒருவர் இது வெனிலாவே இல்லை என்று அடித்துச் சொன்னார். சிறுவயதிலிருந்து எந்த வாசத்தை அந்தப் பெயரோடு சேர்த்து அறிந்தோமோ அதுதான் நமக்கு வெனிலா. நம்மில் பலருக்கு அது மூன்றாவது பாட்டில்.

ஒன்றும் சேர்க்காத பாலில்தான் எனக்கு ஆச்சரியம். எல்லாக் கிண்ணத்திலும் சர்க்கரை ஒரே அளவு. அதில் மட்டும் சர்க்கரை குறைவு என்று குடித்தவர்கள் சொன்னார்கள். வெனிலினை நாக்கில் வைத்தால் இனிக்காது, கசப்புத்தான் தெரியும். மூக்குதான் இனிப்பைக் கூட்டிக் காட்டுகிறது. சர்க்கரையைக் குறைக்க நினைப்பவர்கள் இந்த ஏமாற்றைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

கேக்கில் நிலைமை தலைகீழ். எதுவும் சேராத சாதாரண ஸ்பாஞ்ச், 180 டிகிரி. வெனிலினையும் மடகாஸ்கரையும் யாராலும் உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எனக்கும் முடியவில்லை. நெற்றின் மென்மையான அடுக்குகள் சூட்டில் பறந்துவிடுகின்றன. மிஞ்சுவது பெரும்பாலும் வெனிலின். ஆகவே என் தீர்ப்பு இது: அடுப்புக்குள் போகிற எதற்கும் வெனிலின் போதும், நெற்றை அங்கே செலவழிப்பது வீண். ஐஸ்கிரீம், கஸ்டர்ட், கிரீம் போன்றவற்றுக்கு, அடுப்பை விட்டு இறக்கி ஆறிய பிறகு ஊறலைச் சேர்த்தால் நெற்றுக்குக் கொடுத்த காசு நாக்கில் தெரியும். தஹீதியைப் பழங்களோடு குளிராகச் சேர்க்கலாம், வேறெங்கும் அது தொலைந்துபோகிறது.

வெனிலினை மட்டம் தட்டுவதும் சரியில்லை. 2022-இல் கரன்ட் பயாலஜி இதழில் வந்த ஓர் ஆய்வு, வேட்டையாடி உண்போர் முதல் நகரவாசிகள்வரை மிக வேறுபட்ட சமூகங்களில் ஒரே வாசனைகளை மோந்து பார்க்கச் சொல்லி வரிசைப்படுத்தச் செய்தது. இனிமையான வாசம் என்று முதலிடம் பிடித்தது வெனிலின். பெயரைக் கேள்விப்படாதவர்களின் மூக்கும் அதை ஏற்றுக்கொள்கிறது.

இரண்டு எழுத்து வித்தியாசம்

இதற்குப் பிறகு எந்த உறையைப் பார்த்தாலும் சொல்லின் வாலைத்தான் முதலில் பார்க்கிறேன். ஜெர்மன் சர்க்கரைப் பொட்டலத்தில் 'வனிலெ-ட்ஸுக்கர்' என்றிருந்தால் நெற்று, 'வனிலீன்-ட்ஸுக்கர்' என்றிருந்தால் ஆய்வுக்கூடம். பிரெஞ்சில் 'வனீயே' என்றால் நெற்று, 'வனிலினே' என்றால் தூள். போலிஷ் மொழியிலும் செக் மொழியிலும் இதேபோல ஓர் அசை கூடினால் சரக்கு மாறிவிடும். இந்தோனேசியாவில் விவசாயி பேச்சில் 'பனிலி', சமையலறையில் 'வனிலி' என்றால் சிறு குப்பியில் வரும் வெள்ளைத் தூள். நம் எசன்ஸ் என்ற சொல்லுக்கு இப்படிப்பட்ட வால் இல்லாததால், பொருள் பட்டியலில் செயற்கைச் சுவையூட்டி என்று பொடி எழுத்தில் இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கிறது.

இயற்கை என்ற சொல்லிலும் நிதானம் தேவை. ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி 'இயற்கை வெனிலாச் சுவையூட்டி' என்று மூலப்பொருளின் பெயர் சொன்னால் சுவைப்பகுதியில் குறைந்தது 95 சதவீதம் வெனிலாவிலிருந்தே வந்திருக்க வேண்டும். வெறும் 'இயற்கைச் சுவையூட்டி' என்றால் அந்தக் கட்டாயம் இல்லை. அரிசித் தவிட்டிலிருந்து எடுத்த ஃபெருலிக் அமிலத்தை நுண்ணுயிர்களைக் கொண்டு வெனிலினாக மாற்றினாலும் அது இயற்கைதான். பொய் கிடையாது, ஆனால் ஆர்க்கிட் பக்கமே போகாத இயற்கை.

மிச்சம்

வடிகட்டிய நெற்றுத் துண்டுகளைத் தூக்கிப் போட வேண்டாம். கழுவி, ஈரம் போக உலர்த்தி, முறிந்தால் சத்தம் வரும்வரை காயவிட்டு, 250 கிராம் சர்க்கரையோடு மிக்ஸியில் அரைத்துச் சலித்தால் சாம்பல் நிறத்தில் வெனிலா சர்க்கரை. வாசம் மெலிதுதான், காப்பிக்கும் பாலுக்கும் அது போதும். காற்றுப் புகாத ஜாடியில் வைத்தாலும் கட்டி தட்டும், ஸ்பூனால் குத்திக்கொள்ளலாம். சிலர் வடிகட்டாமல் எடுத்த அளவுக்கு வோட்காவை ஊற்றிக்கொண்டே போகிறார்கள். அதில் வீரியம் என்னவாக இருக்கிறது என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்பதால் நான் அதற்கு இறங்கவில்லை. தீர்ந்தால் புது நெற்று, மறுபடியும் 25 கிராம்.

கிளிசரின் பாட்டில் இன்னும் இளம் தேயிலை நிறத்தைத் தாண்டவில்லை. சுவையிலும் மற்றவற்றுக்குப் பாதிதான், தன் இனிப்பை வேறு கூடவே கொண்டுவருகிறது. வடிகட்டாமல் அலமாரியின் பின்வரிசைக்குத் தள்ளி, லேபிளில் வெனிலா என்பதற்குக் கீழே பென்சிலால் 'இன்னும் ஆகவில்லை' என்று எழுதியிருக்கிறேன். அதுவரை கஸ்டர்டுக்குச் சேர்ப்பதானால் இரட்டிப்பு அளவு விட்டு, சர்க்கரையில் ஒரு ஸ்பூனைக் குறைத்துக்கொள்வதாக ஏற்பாடு.